விலையுள்ள விருந்து

பழைய நகரின் நடுவே, பல தலைமுறை கண்ட வீடுகளைப் புதுப்பித்துச் சில அறைகளோடு நடத்தும் சொகுசு விடுதிகள், வாடகைக்கு அறையோடு விருந்தோம்பலும் உண்டு என்கின்றன. புதுச்சேரியின் தமிழர் பகுதியில், பெருமாள் கோயில் வீதியிலுள்ள மேசோன் பெருமாள் இத்தகைய விடுதி. விலை பேசித் தரும் உபசரிப்பை அறமென்று கொள்ளலாமா என்பது இதிலிருந்து எழும் கேள்வி.

திருக்குறள் விருந்தோம்பலை இல்லறவியலில், ஒன்பதாம் அதிகாரமாக வைத்திருக்கிறது. வீடு வாசலோடு வாழ்வதன் பயனே அது என்பது வள்ளுவர் கொள்கை. அத்தகைய விருந்தோம்பலுக்குச் சான்று, இன்றைய தர்மபுரிப் பகுதியான பழைய தகடூர் நாட்டை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி. புறநானூற்றின் 101ஆம் பாடலில் ஔவையார் அவனைப் போற்றும் விதம் கவனிக்கத்தக்கது. எத்தனை நாள் போனாலும், எத்தனை பேரைக் கூட்டிப் போனாலும், அவன் முதல் நாள் போலவே விருப்பத்தோடு வரவேற்றான் என்கிறார். விடுதியில் ஒவ்வோர் இரவும் கணக்கில் ஏறும். தகடூரில் நாளை எண்ணவே இல்லை. பெரியபுராணத்து இளையான்குடி மாறனார் இன்னும் ஒரு படி மேலே போகிறார். மழை இரவில் வந்த அடியவருக்குச் சோறாக்க வீட்டில் அரிசி இல்லாததால், அன்று வயலில் விதைத்த நெல்லையே வாரிக்கொண்டு வந்தார். கொடுப்பவருக்கு இழப்பு உண்டு, கைம்மாறு இல்லை: இதுதான் பழைய இலக்கணம்.

ஆனால் தனி மனிதரின் நல்ல மனதை மட்டும் நம்பி நெடுவழிப் பயணம் நடக்காது. அதற்குத்தான் சத்திரங்கள் எழுந்தன. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேயருக்கு எழுதிய கடிதம் அவற்றின் நடைமுறையை விவரிக்கிறது. எல்லாச் சாதி வழிப்போக்கருக்கும் சோறு, சமைத்ததை உண்ணாதவருக்கு அரிசியும் பண்டங்களும், நள்ளிரவில் மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர் உண்டா என்று கேட்டு அழைப்பது, நோயாளிக்கு மருந்து, வழியில் இறந்தவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு. அந்த மணியோசை எந்தச் சொகுசு விடுதியின் வரவேற்பையும் விட உயர்ந்தது. பசித்தவர் வந்து கேட்கும்வரை காத்திராமல் சத்திரமே அவரைத் தேடியது.

இருந்தும் இலவச விருந்தோம்பலை முழுக்கப் புகழ முடியாது. பல சத்திரங்கள் குறிப்பிட்ட சாதியாருக்கென்றே கட்டப்பட்டவை. மற்றவற்றிலும் பந்தியில் பேதம் இருந்தது. தானம் தருபவர், யார் பெறலாம் என்பதையும் முடிவு செய்தார். காசு கொடுப்பவருக்கு அந்தத் தயவு தேவையில்லை, உரிமையோடு உட்காரலாம். காசு மட்டுமே இதைச் சாதித்துவிடவில்லை. சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் 1957இல் போராட வேண்டியிருந்தது. அரசியலமைப்பின் 15(2)ஆம் பிரிவு கடை, உணவகம், விடுதி ஆகியவற்றில் சாதி, மதம் பார்த்து யாரையும் தடுக்கக்கூடாது என்று 1950 முதலே சொல்லிவந்தும் அந்த நிலை. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கான்ட் 1795இல், அயலாரை வரவேற்பது கருணை அன்று, உரிமை என்று வாதிட்டார். ஆனால் அவர் தந்தது பகைவராக நடத்தப்படாமல் வந்துபோகும் உரிமையைத்தான், ஒருவர் வீட்டில் தங்கும் உரிமையை அல்ல.

ஆகவே விலை வாங்குவதாலேயே உபசரிப்பு பொய்யாகிவிடாது. அது விருந்தினரைக் கடனாளி ஆக்காமல் காக்கிறது. ஆனால் சாதி செய்த வேலையை வாடகைத் தொகையும் செய்யக்கூடும்: கட்ட முடியாதவருக்கு வாசல் இல்லை. புதுச்சேரியின் பழைய தமிழ் வீடுகளில் தெருவை ஒட்டி இருந்த தாழ்வாரமும் திண்ணையும் முன்பதிவு கேட்கவில்லை. வெயிலில் நடந்து வந்தவர் உட்கார்ந்து போகலாம். வைசியாள் வீதியில் இவை பலவற்றைப் புதுப்பித்திருக்கிறார்கள். வீட்டின் அழகைக் காட்டிக் காசு பெறும் விடுதி, அந்த வீட்டின் அறத்தையும் பேசுமானால், அறைக்குள் வராதவருக்கு வாசலில் ஓர் இடமும் குடிக்கத் தண்ணீரும் தர வேண்டும்; தங்கியவர் நோயில் விழுந்தால், பில்லை ஒதுக்கிவைத்து அவரைப் பார்க்க வேண்டும்.