பிள்ளையின் விருப்பும் தந்தையின் துணிவும்

தன் உயிரைப் பணயம் வைக்கும் உரிமை வளர்ந்தவனுக்கு உண்டெனலாம். பிறன் உயிரை வைக்கும் உரிமை எவனுக்கும் இல்லை. அங்ஙனமாயின், ஐந்தாறு வயதுப் பிள்ளைக்குக் கரடுமுரடான தரையில் ஓட்டும் சிறு மோட்டார் சைக்கிளை வாங்கிக் கொடுக்கும் தந்தை எவ்வுரிமை கொண்டு கொடுக்கின்றான்?

யமகாவின் பி.டபிள்யூ. 50 என்னும் வண்டியை நோக்குவோம். 49 கன சென்ரிமீற்றர் எந்திரம். கியர் மாற்றும் வேலையில்லை. பிள்ளை எவ்வளவு முறுக்கினும் வேகம் மிகாதவாறு ஒரு சிறு திருகாணி தடுக்கும். அதனைத் தளர்த்துவது பெற்றோர் கை. சுதந்திரத்தைச் சிறிது சிறிதாக வழங்கும் இவ்வேற்பாடு உண்மையிலேயே அழகியது. ஆயினும் அத்திருகாணி எந்திரத்தை மட்டுமே கட்டும். ஹந்தானைச் சரிவைக் கட்டாது. சமதரை அரிதான கண்டியில் இறக்கமே பாதி எந்திரம். இலங்கைச் சட்டம் மோட்டார் சைக்கிள் உரிமத்துக்கு 18 வயது கேட்பதால் தெருவுக்கும் இடமில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமோ 16 வயதுக்கு முன் இவ்வகை வண்டியே வேண்டாம் என்கிறது.

அச்சமறியாப் பிள்ளை வளருமா என்பார் கூற்றையும் நான் தள்ளேன். மரமேறி விழாத பிள்ளை எம்மூரில் ஏது? ஆனால் மரத்திலேறுவது பிள்ளையின் சொந்த எண்ணம். வண்டியோ பெரும்பாலும் தந்தையின் நிறைவேறாத ஆசை. பிள்ளை தலையசைப்பது வண்டிக்கா, அப்பாவின் முகத்துக்கா? விளையாட்டுத் திடலொன்றில், தலைக்கவசத்தோடு, ஒருநாள் இரவல் வண்டியில் ஏற்றிப் பார்க்கலாம். இறங்கிய பிள்ளை, "போதும் அப்பா" என்று கூசாமற் சொல்லக்கூடிய வீடாயின், விலை பேசப் போகலாம்.