கத்தியின் வாயை எரித்துவிடாதீர்கள்

தாத்தாவின் பெட்டியில் கிடந்த மடக்குச் சவரக்கத்தியை எடுத்திருக்கிறீர்கள். மேலெல்லாம் துரு, வாயில் இரண்டு இடத்தில் பொக்கை. கிரைண்டரில் ஒரு நிமிடம் காட்டினால் சரியாகிவிடும் என்று கை பரபரக்கும். தயவுசெய்து அந்த சுவிட்சைப் போடாதீர்கள்.

நான் போட்டேன். ஜெர்மனியின் சோலிங்கனில் செய்த கத்தி. நுனியருகே மிளகளவு பொக்கை. நாலைந்து பொறிதான் பறந்தது. எடுத்துப் பார்த்தால் வாயோரம் மயில்கழுத்து நீலம், அதற்கு மேலே வைக்கோல் நிறக் கீற்று. எஃகு சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூடேறினால் வரும் நீலம் அது. சவரக்கத்தியின் பதம் அதற்கு முன்பே இறங்கிவிடும். வாய் அவ்வளவு மெல்லியது, சூடு பரவ இடமில்லை. பிறகு எத்தனை நாள் தீட்டியும் அந்த இடத்தில் கூர் நிற்கவில்லை.

உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துக் கையால் தேயுங்கள். பொக்கையைக் கல்லிலேயே எடுங்கள். ஒரு வாரம் ஆனால் ஆகட்டும். தீட்டும்போது முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிய வேண்டும். தீட்டும் சாய்வைத் தருவதே அந்த முதுகின் தடிமன்தான். துரு போகட்டும் என்று முதுகைத் தேய்த்துத் தள்ளினால், செய்தவர் கணக்குப் பார்த்து வைத்த கோணமும் சேர்ந்து போய்விடும்.

சக்கரத்தில் சாணை பிடித்தே தீர வேண்டுமென்றால் வெறுங்கையால் பிடியுங்கள். சூடு விரலுக்குத் தெரிய வேண்டும். உறை போட்ட கையைச் சக்கரம் இழுத்துக்கொள்ளும். மூக்குக்கு முகமூடியும் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். பளபளப்பாக்கும் துணிச் சக்கரம் இன்னும் பொல்லாதது, வாய் மாட்டினால் கத்தியைப் பிடுங்கி வீசும். பழைய பிடிகளில் பல செல்லுலாய்டு. பொறி பட்டால் குப்பென்று பற்றும்; ஆணியைக் கழற்றி, பிடியைத் தூர வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பூதக்கண்ணாடியில் மயிரிழை விரிசல் தெரிந்தால் அந்தக் கத்தியை யாருக்கும் விற்காதீர்கள், இனாமாகவும் கொடுக்காதீர்கள். வாங்குகிறவர் அதைத் தன் தொண்டையில் வைக்கப்போகிறார். நல்ல கத்தியானாலும் ஒரு கத்தி ஒரு முகத்துக்குத்தான், அப்பாவும் மகனுமாக இருந்தாலும். ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடிருக்கும்; கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளி போதும்.

இப்போது கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்குங்கள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துவந்து உட்காருங்கள்.