தோல் யாருடைய பாடம்?

உயிர்வேதியியல் முதலாண்டு. ஆசிரியர் கொலாஜன் நடத்திக்கொண்டிருந்தார். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கிற புரதம். நம் உடம்பில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதுதான். மூன்று இழை கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு இழையிலும் மூன்றுக்கு ஒன்று கிளைசின். முறுக்கின் உள்ளே அதைவிடப் பெரிசாக எதுவும் நுழையாது. தோல் பதனிடுவது என்றால் இந்த இழைகளைக் குறுக்கே பிணைத்து அழுகாமல் செய்வது. சொல்லிவிட்டுக் கேட்டார்: "இங்க யாராவது தோல் ஷாப் உள்ள போய்ப் பாத்திருக்கீங்களா?"

நான் கையைத் தூக்கவில்லை. பாலாற்றங்கரையில் என் அப்பா இருபது வருஷமாகத் தோல் ஷாப்பில்தான் வேலை செய்கிறார். கட்டணச் சலுகையும் விடுதியும் உள்ள அரசுப் பல்கலைக்கழகம் என்பதால்தான் அந்த பெஞ்சில் எனக்கு இடம் கிடைத்தது. உட்கார்ந்தும் என்ன? அந்த நாற்றம் என் சட்டையிலிருந்து வருவதாக நினைத்துவிடுவார்களோ என்று பயம்.

லீவுக்குப் போனபோது அப்பாவிடம் நோட்டில் அந்த மூன்று இழைகளை வரைந்து காட்டினேன். பார்த்துவிட்டு, "சுண்ணாம்பு எடுத்த தோலக் கட்ட வெரலால அமுக்கினா பள்ளம் அப்படியே நிக்கணும். அதான் பதம். இது ஒன் நோட்டுல இருக்கா?" என்றார். இல்லை. இழைகளுக்கு நடுவே இருந்ததை நொதி தளர்த்திவிட்டது என்பதே அந்தப் பள்ளத்தின் அர்த்தம். எப்போது என்று அவருக்குத் தெரியும். ஏன் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இரண்டையும் பிரித்து வைத்தது யார்? 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ்ரேயில் ஆராய்ந்து கொலாஜனின் மூவிழை அமைப்பைச் சொன்னார்கள். உலகம் மதித்த வேலை. அதற்கு முந்தின வருஷம்தான் ராஜாஜி அரசு கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு திட்டம் போட்டது: பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று எதிர்த்துப் போராடினார்கள். 1954-இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. நிலைத்திருந்தால் தோலை எக்ஸ்ரேயில் படிக்க ஒரு பிள்ளை, சுண்ணாம்புக் குழியில் படிக்க ஒரு பிள்ளை.

விஞ்ஞானத்துக்குச் சாதி இல்லை என்கிறார்கள். கிளைசினுக்கு இல்லைதான். எல்லார் தோலிலும் அதே மூன்று இழை. ஆனால் இது தெரியாததாலா சாதி நிற்கிறது? மிருதங்கத்தின் மேலிருப்பது மாட்டுத் தோல் என்று தெரியாமலா சபாவில் தலையாட்டுகிறார்கள்?

இன்னொரு கட்சி, உழைப்பவன் கையறிவே பெரிய விஞ்ஞானம், அதைக் கொண்டாடுவோம் என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. அப்படிப் பேசுகிற யாரும் தன் பிள்ளையைச் சுண்ணாம்புக் குழிக்கு அனுப்புவதில்லை. அதோடு, அது உண்மையும் இல்லை.

தோலில் மயிர் நீக்கச் சல்பைடு போடுகிறார்கள். அந்தக் கழிவில் அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அழுகின முட்டை நாற்றம். "நாத்தம் நின்னுட்டா தொட்டியில எறங்கலாம்" என்பது அப்பாவும் கூட்டாளிகளும் வைத்திருந்த கணக்கு. அனுபவத்தில் வந்த கணக்கு. ஆனால் வாயு அதிகமானால் முதலில் மரத்துப்போவது மூக்கு. நாற்றம் நின்றதாகத் தோன்றும், வாயு நிற்காது. செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த உதவும் நொதியையே அது பிடித்து நிறுத்திவிடும். தோல் ஷாப் தொட்டியில் இறங்கிச் செத்தவர்கள் உண்டு. அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்று கேட்க வேண்டியதில்லை.

ஆக, 'ஏன்' என்பது பட்டத்துக்கான அலங்காரம் இல்லை. அதை ஒருவனுக்குக் கொடுத்து இன்னொருவனுக்கு மறுப்பது கொலையில் போய் முடிகிறது. அப்பாவின் கையை நான் மதிக்கிறேன்; அதற்காக அந்தக் குழிக்குத் திரும்ப மாட்டேன். குழியில் நிற்கிறவனிடம் போய் 'ஏன்' என்று சொல்லாத படிப்பும் எனக்கு வேண்டாம்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மொதலாளிக்கு இது தெரியுமா?" என்றார்.

"தெரிஞ்சிருக்கும்பா."

"அப்ப எங்ககிட்ட ஏன் சொல்லல?"

முதலாளியைக் கேட்க வேண்டிய கேள்விதான். வகுப்பில் கையை மடக்கி வைத்துக்கொண்டிருந்த என்னையும் அது கேட்கிறது.