ஊக்குவித்தலும் அகிம்சையும்

நம் சமணக் குடும்பங்களில் மென்பொருள் நிறுவனங்களிற் பணிபுரியும் பிள்ளைகள் இன்று பலர். அவர்களுள் சிலர் பத்துப் பன்னிரண்டு பேரை வழிநடத்தும் மேலாளர்களாகவும் உயர்ந்துள்ளனர். தம்கீழ்ப் பணியாற்றுவோரின் ஊக்கம் குன்றாமற் காப்பது எவ்வாறு என்பது அவர்கள் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினா. உலகம் இதனை நிருவாகத் துறையின் வினாவாகவே கருதுகிறது. சிராவக நெறியில் நிற்கும் நமக்கோ இஃது அறத்தின் வினாவும் ஆகும்.

தானே செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் ஆகிய மூன்றாலும் வினை வந்து ஒட்டும் என்பது நம் ஆகமக் கொள்கை. கோபம், மானம், மாயை, லோபம் என்னும் கஷாயங்கள் நான்கினையும் நம்முள் அடக்க முயல்கிறோம். அவற்றையே பிறருள்ளத்திற் கிளறிவிட்டு வேலை வாங்குதல் செய்வித்தல் அன்றோ? உயிர்க்கொலை ஒன்றையே இம்சை என எண்ணிப் பழகிவிட்டமையால் இதனை நாம் கணக்கிற் சேர்ப்பதில்லை. விருப்பு முதலியன உள்ளத்தில் தோன்றுதலே இம்சை எனப் புருஷார்த்த சித்யுபாயத்தில் அமிர்தசந்திர ஆசாரியர் வரையறுத்ததை நினைவிற் கொள்க.

அமெரிக்காவின் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் பல்லாண்டுகள் ஒரு தரவரிசை முறை வழங்கியது. ஒவ்வொரு குழுவிலும் இத்தனை பேர் தலையாயவர், இத்தனை பேர் இடைப்பட்டவர், இத்தனை பேர் கடைப்பட்டவர் என்று முன்னதாகவே வகுத்துவிடுவர். பத்துப் பேரும் நன்கு உழைத்திருப்பினும் ஒருவரோ இருவரோ கடைநிலைக்குத் தள்ளப்பட்டே ஆகவேண்டும். வகுப்பில் முப்பது மாணவரும் தேறினாலும் மூவரைத் தவறவிட்டே தீரவேண்டும் என்று ஆணை வந்தால், தன்மானமுள்ள எந்த ஆசிரியர் அதற்கு இசைவார்? திறமைமிக்கவர்கள் தம்மையொத்த திறமைசாலிகளுடன் ஒரே குழுவிற் சேர அஞ்சினர் என்றும், தாம் அறிந்தவற்றைச் சக பணியாளரிடம் மறைத்தனர் என்றும், 2012ஆம் ஆண்டு வேனிட்டி ஃபேர் இதழில் வெளிவந்த கட்டுரை விரித்துரைத்தது. மானத்தைத் தூண்டப்போய் மாயையும் உடன்விளைந்தது. 2013 நவம்பரில் அந்நிறுவனம் இம்முறையைக் கைவிட்டது.

போட்டியின்றித் தொழில் நடவாது, ஆதலால் இது தொழில்பற்றி நேரும் உத்தியோக இம்சையே, இல்லறத்தார்க்கு மன்னிக்கத்தக்கது என்று வாதிடுவோர் உளர். உத்தியோக இம்சைக்கு இடந்தந்தது அது தவிர்க்கவியலாமை பற்றியே. மைக்ரோசாஃப்ட் இம்முறையை விட்டபின் வீழ்ந்துவிடவில்லை. 2018 நவம்பர் இறுதியிற் சந்தை மதிப்பில் ஆப்பிள் நிறுவனத்தையும் விஞ்சி நின்றது. அவ்வுயர்வுக்குக் காரணங்கள் பல. இம்முறையைக் கைவிட்டதொன்றே காரணம் என்று நான் கூறேன். அஃதின்றியும் தொழில் நடக்கும் என்பது தெளிவாகிறது. தவிர்க்கக்கூடியது என்று தெரிந்தபின்னும் செய்தால் அது சங்கல்ப இம்சைக்கு மிக நெருங்கியது என்பதே என் துணிபு.

பரிசு காட்டி ஊக்குவித்தலோ எனின், அதுவும் ஆராயத்தக்கதே. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் உளவியலார் மூவர் 1973இல் வெளியிட்ட ஓர் ஆய்வு ஆசிரியர் ஒவ்வொருவரும் அறியவேண்டியது. படம் வரைவதில் இயல்பாகவே நாட்டமுடைய மழலையர் பள்ளிக் குழந்தைகளைத் தேர்ந்து, ஒரு பகுதியாரிடம், வரைந்தால் பரிசுச் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தனர். ஒரு பகுதியார்க்குச் சொல்லாமலே பரிசளித்தனர். மற்றவர்க்கு ஒன்றும் அளிக்கவில்லை. ஓரிரு வாரம் கழித்து, விருப்பம்போல் விளையாடும் நேரத்தில் உற்றுநோக்கினர். பரிசை எதிர்நோக்கி வரைந்த குழந்தைகள் ஏனையோர் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதியே வரைந்தனர். முன்பு தமக்கெனவே இனித்த செயல் பரிசுக்கான கூலிவேலை ஆகிவிட்டது போலும். பயன் கருதி நோன்பு நோற்பதை நிதானம் என்று பெயரிட்டு, மூவகைச் சல்லியங்களுள் ஒன்றாக நம் முன்னோர் வைத்தனர். சல்லியம் என்பது தைத்த முள். முள் தைத்த காலால் நடக்கலாம், நெடுந்தூரம் நடக்கவியலாது.

நிரல் எழுதுவோருள் பலர் அக்குழந்தைகளைப் போன்றவர்களே. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை எழுதத் தொடங்கியது எவரும் கூலி பேசியதனால் அன்று. இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளெல்லாம் அதன்மீதே இயங்குகின்றன. இத்தகையோரிடம் ஊக்கத்தைப் புதிதாக ஊட்டவேண்டுவதில்லை. இருப்பதைக் குலைக்காதிருத்தலே மேலாளர் கடன்.

இதனைச் சாக்கிட்டு ஊதியத்தைக் குறைக்க எண்ணும் முதலாளிகளும் இருக்கக்கூடும். பொறியாளர், கணக்காளர் ஏறத்தாழ 200 பேரிடம் விசாரித்து 1959இல் நூல் வெளியிட்ட ஹெர்ஸ்பர்க், ஊதியக் குறைவு மனக்கசப்பை விளைக்கும் என்பதைத் தெளிவாகவே காட்டினார். மனநிறைவு பெரிதும் செய்யும் வேலையிலிருந்தே பிறக்கிறது என்றும் கூறினார். உழைத்தவனுக்கு உரியதைக் கொடாதிருத்தல் கள்ளாமை நோன்புக்கே இழுக்கு.

இவ்வேலை யாருக்குப் பயன்படப்போகிறது என்பதைச் சொல்லுதல், ஆழ்ந்து சிந்திக்கும் வேளையில் ஓயாது கூட்டங்களுக்கு அழைக்காதிருத்தல், பிழையைச் சுட்டும்போது நிரலைச் சுட்டி ஆளைச் சுடாதிருத்தல் ஆகியவை எந்த மேலாளருக்கும் இயல்வன. மேலிடத்து ஆணையால் தரவரிசை இட்டே தீரவேண்டிய நிலைதான் கடினமானது. வேலையை உதறிவிடுக என்று வீட்டுக்கடன் கட்டும் பிள்ளையிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் தம் மறுப்பை எழுத்தில் அவர் தெரிவிக்கலாம். கடைநிலையில் வைக்கப்பட்டவரைத் தனியே அழைத்து, இக்குறை உம் வேலையிற் கண்டதன்று, வகுத்த கணக்கினால் வந்தது என்ற உண்மையையேனும் அவரிடம் சொல்லலாம்.