டீக்கடையோடு நின்ற தபால்

திண்டுக்கல் பக்கம் எங்கள் சேரிக்கு வருகிற பார்சல் ஊர் டீக்கடைத் திண்ணையோடு நின்றுவிடும். எனக்கு வந்த புத்தகக் கட்டு அப்படித்தான் காணாமல் போச்சு. கேட்டதற்கு, "அங்கனதான வச்சேன், எவன் எடுத்தானோ" என்றார் தபால்காரர்.

1898ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி, தபால் தொலைந்தால் ஊழியர் பொறுப்பல்ல. மோசடி செய்தாலோ வேண்டுமென்றே செய்தாலோதான் பொறுப்பு. அதற்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டமும் ஊழியரை அப்படியே காக்கிறது. சரி, வெயிலில் சைக்கிள் மிதிக்கிற மனுசன், மறக்கலாம். ஆனால் தோழர்களே, மறதி தெருப் பார்த்தா வரும்? ஊரில் ஒவ்வொரு வாசலும் ஞாபகமிருக்கிறவருக்குச் சேரி வாசல் மட்டும் மறந்தால், அதுவே வேண்டுமென்றே செய்வது. எடுத்தவன் யாரோ. ஆனால் சேரிக்குள் வைக்காத அந்தக் காலடியிலேயே கட்டு தொலைந்துவிட்டது.