யாரைக் கேட்டுத் தோண்டினாய்?

கேரளத்து மறையூரை அடுத்த கோவில்கடவில், பாம்பாற்றங்கரையில் தென்காசிநாதர் கோயில் இருக்கிறது. அதற்கு மேலே உள்ள பாறையில் ஏறினால் முனியறைகள். நான்கு பக்கமும் கற்பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு பெரும்பலகையை மூடியாகப் போட்ட கல்திட்டைகள். இரும்புக் காலத்து மக்கள் தங்கள் இறந்தவர்களுக்காக எழுப்பியவை. ஊரில் கேட்டால் முனிவர்கள் தவமிருந்த அறை என்பார்கள், சிலர் பாண்டவர் கணக்கில் சேர்ப்பார்கள். பல அறைகளில் மூடுகல் சரிந்து கிடக்கிறது, பக்கப் பலகை பிளந்து நிற்கிறது. மழையும் வெயிலும் காலமும் கொஞ்சம் செய்திருக்கும். மீதியைச் செய்தது புதையல் தேடிய கை.

அந்தக் கை யாரையும் கேட்காமல் தோண்டியது என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் அது கேட்டுவிட்டுத்தான் தோண்டுகிறது. அமாவாசை பார்த்து, எலுமிச்சம்பழம் அறுத்து, சேவலின் கழுத்தைத் திருகி, பூதத்திடம் உத்தரவு கேட்கிறது. பல்லி சொன்னதா, பூ வலப்பக்கம் விழுந்ததா என்று பார்க்கிறது. உத்தரவு கிடைத்த பிறகே கடப்பாரையை எடுக்கிறது. புதையலைக் காக்கும் பூதத்துக்கு நம் நாட்டில் இவ்வளவு மரியாதை உண்டு. அந்த மண்ணுக்கு உரிய ஊருக்கு இல்லை, கலெக்டர் அலுவலகத்துக்கு இல்லை, அந்த அறைக்குள் வைக்கப்பட்ட மனிதருக்கும் இல்லை.

தோண்டுகிறவன் ஏன் பூதத்திடம் மட்டும் கேட்கிறான்? பூதம் மாட்டேன் என்று சொல்லாது. மறுப்புச் சொல்ல வாயில்லாதவரிடம் கேட்டுவிட்டு, சம்மதம் வாங்கிவிட்டேன் என்கிறான். இந்த வகைச் சம்மதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கேரளம் 2022இல் இலந்தூரில் பார்த்தது. செல்வம் பெருகும் என்று நம்பி இரண்டு பெண்களைப் பலி கொடுத்ததாக வழக்கு. அவர்களில் ஒருவர் தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன தமிழ்ப் பெண். அந்தப் பெண்களிடம் யார் கேட்டார்கள்?

இதுவரை சொன்னதை எந்தப் பகுத்தறிவு மேடையிலும் சொல்லலாம், கைதட்டலும் கிடைக்கும். அடுத்து வருவது எங்களைப் போன்ற பகுத்தறிவாளர்களுக்கு.

ஈராயிரம் ஆண்டுக்கு மேல் அந்தக் கற்களைக் காத்து நின்றது தொல்லியல் துறை இல்லை, பயம். முனி அடிக்கும், குடி கெடும், சாமி குத்தம் ஆகும் என்ற பயம். மாடு மேய்த்தவனும் விறகு பொறுக்கியவளும் ஒதுங்கிப் போனார்கள். அந்தப் பயம் பொய் என்று நாங்கள் சொன்னோம். சரியாகத்தான் சொன்னோம், இன்னும் சொல்வோம். ஆனால் பயத்தை எடுத்த இடத்தில் எதை வைத்தோம்? எதையும் வைக்கவில்லை. முனி இல்லை என்று தெரிந்துகொண்ட இளைஞன் ஒருவன் மெட்டல் டிடெக்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தப் பாறையில் ஏறினால், பூதத்திடமும் கேட்கமாட்டான், நம்மிடமும் கேட்கமாட்டான். தன்னை அறிவியல்காரன் என்றும் நினைத்துக்கொள்வான். கருவி பிடித்த கை என்பதாலேயே அது பகுத்தறிவுள்ள கை ஆகிவிடுமா?

அந்தக் கருவி என்ன செய்கிறது என்று பார்ப்போம். வட்டமான கம்பிச்சுருளில் மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம் ஓடுகிறது, அது ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதில் சிறு சுழல் மின்னோட்டம் எழும், அது தன் பங்குக்கு ஒரு புலத்தைத் திருப்பி அனுப்பும், கருவி கத்தும். இணையக் கடையில் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் ரகத்தில் நாணயம் அளவு பொருள் ஒரு சாண் ஆழம் வரை தெரிந்தால் அதிகம். இரும்புத்தாது மிகுந்த செம்மண்ணில் வெறும் மண்ணுக்கே கத்தும். சோடா மூடிக்கும் கத்தும், லாட ஆணிக்கும் கத்தும். கலசத்தில் இரிடியம் இருக்கிறது, அது அரிசியை இழுக்கும் என்று சொல்லித் தமிழ்நாடு முழுவதும் ஏமாற்றுகிறார்களே, இரிடியம் அரிசியை இழுக்காது என்பதற்குப் பள்ளிக்கூட வேதியியல் போதும். முனியறைக்குள் தங்கக் குடம் இருக்கிறது என்பதும் அதே இனத்துப் பொய்தான். இத்தகைய ஈமச்சின்னங்களில் பொதுவாகக் கிடைப்பவை கறுப்பு சிவப்புப் பானை ஓடு, எலும்புத் துணுக்கு, துருவேறிய இரும்பு, சில மணிகள்.

சரி, தங்கம் இல்லை என்றால் தோண்டினால் என்ன நட்டம்? இதற்குச் சிவகளையில் பதில் இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் முதுமக்கள் தாழி ஒன்றில் நெல் கிடைத்தது. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பார்த்ததில் அதன் காலம் கி.மு. 1155 என்று வந்தது. 2021இல் தமிழ்நாடு அரசு அதை அறிவித்தது. பொருநைக் கரையின் காலக்கணக்கை மூவாயிரம் ஆண்டுக்கு அப்பால் கொண்டுபோனது அந்த நெல். நெல்லுக்கு மெட்டல் டிடெக்டர் கத்தாது. கருவியோடு போனவன் அந்தத் தாழியை உடைத்து, மண்ணைக் கொட்டி, நெல்லை மிதித்து, ஒரு துரும்பு இரும்பை எடுத்துப் பார்த்துவிட்டு எறிந்திருப்பான். எந்தப் பானை எந்த எலும்புக்குப் பக்கத்தில், எவ்வளவு ஆழத்தில், எந்த மண்ணடுக்கில் இருந்தது என்பதுதான் அங்கே செய்தி. அதை ஒருமுறைதான் படிக்க முடியும்.

மறையூருக்கு அடுத்த பழனி மலைத்தொடரின் கல்திட்டைகளைப் பற்றி அங்லாட், நியூட்டன் என்ற இருவர் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர்கள் அளந்தார்கள், வரைந்தார்கள், எழுதி வைத்தார்கள். ஆதிச்சநல்லூரில் 1876இல் தோண்டிய யாகோர் எடுத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். அவர் யாரிடமாவது கேட்டிருந்தாலும் அது வெள்ளை அதிகாரியாகத்தான் இருந்திருக்கும். தாழிகளுக்கு மேலே வாழ்ந்த ஊர் மக்கள் அந்தக் கணக்கில் இல்லை.

ஆகவே அனுமதி என்றால் ஒரு கையெழுத்து என்று நான் சொல்லவில்லை. 2013 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில், தௌண்டியா கேடா கோட்டையில் என்ன நடந்தது? ஆயிரம் டன் தங்கம் புதைந்திருப்பதாக ஒரு சாமியார் கனவு கண்டார். கையெழுத்துகள் எல்லாம் முறையாகவே விழுந்தன. தொல்லியல் துறையே மண்வெட்டியோடு இறங்கியது. பானை ஓடும் ஆணியுமாகச் சில பொருள்கள் கிடைத்தன, தங்கம் கிடைக்கவில்லை, சில வாரங்களிலேயே வேலையை நிறுத்தினார்கள். பூதத்திடம் கேட்டவனுக்கும் கனவைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டவர்களுக்கும் இடையே எனக்குப் பெரிய தூரம் தெரியவில்லை.

சட்டம் இல்லாமலில்லை. பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. கேரளத்துக்கு 1968ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு. பாதுகாக்கப்பட்ட இடங்களில் தோண்டுவதற்கு உரிமம் வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவில் அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று இருக்கிறது. எச் உட்பிரிவு. பகுத்தறிவு மேடைகளில் அதைச் சொல்லாத ஆள் கிடையாது. அதற்கு இரண்டு படி மேலே, எஃப் உட்பிரிவில், நம் கூட்டுப் பண்பாட்டின் மரபை மதித்துக் காப்பதும் கடமை என்று இருக்கிறது. அதை எத்தனை மேடையில் கேட்டிருக்கிறோம்?

பொது இடம் என்றால் ஆளில்லாத இடம் என்று நமக்கு ஒரு எண்ணம். புறம்போக்கு என்ற நல்ல சொல்லை வசவாக்கி வைத்திருக்கிறோம். தீர்வைக் கணக்குக்குப் புறத்தே, ஊர் முழுமைக்குமாக விட்ட நிலம் அது. தனியார் தோட்டத்தில் கருவியை வைத்தால் ஒரு சொந்தக்காரனைத்தான் கேட்க வேண்டும். பொது இடம் என்றால் ஊரைக் கேட்க வேண்டும், இனி பிறக்கப்போகிறவர்களையும் சேர்த்து. அது கடினம் என்பதால்தான் யாரும் கேட்பதில்லை.

இந்த மலைகளைச் சேர்ந்த தேவிகுளத்துக்காரர்கள் இங்கே என்னை மறித்து ஒன்று கேட்கலாம், கேட்க வேண்டும். "அனுமதி, அனுமதி என்கிறாயே, அந்தச் சொல்லை எங்களைவிட யார் சுமந்தார்கள்?" நியாயம்தான். 1877இல் மன்றோ துரை கண்ணன் தேவன் மலையைப் பூஞ்சாறு ராஜாவிடம் எழுதி வாங்கினார். அந்த மலையில் தலைமுறைகளாக வாழ்ந்த முதுவான்கள் அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு இல்லை. பிறகு தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணி கூட்டிவந்த குடும்பங்கள் அதே மலையில் கொழுந்து கிள்ளின. லயத்து வீடு கம்பெனியுடையது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 2015 செப்டம்பரில் மூணாறு வீதியில் உட்கார்ந்த தோட்டத் தொழிலாளிப் பெண்கள், பெம்பிளை ஒருமையினர், எந்தச் சங்கத் தலைவரின் அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் 20 சதவீத போனஸ் வந்திருக்காது.

அது மேலே இருப்பவனிடம் கையேந்தும் அனுமதி. அதை உடைத்தது சரி. நான் பேசுவது இன்னொன்றைப் பற்றி. வலுவுள்ளவன் வாயில்லாதவனிடம் கேட்பது அது. மன்றோ முதுவான்களிடம் கேட்டிருக்க வேண்டியது. கையில் கருவி இருக்கிறவன், கல்லறைக்குள் கிடப்பவன், இந்த இருவரில் யார் வலியவன்?

பழைய மூணாறு சி.எஸ்.ஐ. தேவாலயக் குன்றில், தேவாலயம் கட்டப்படும் முன்பே, 1894இல் காலராவில் இறந்த எலனார் என்ற வெள்ளைக்காரப் பெண்ணின் கல்லறை இருக்கிறது. பயணிகள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். அங்கே யாராவது டிடெக்டரை ஓட்டினால் ஊரே அடிக்க வரும். முனியறையும் கல்லறைதான். அதில் பெயர் பொறிக்கவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு. அந்தக் காலத்திலிருந்து தேயிலைச் சரிவுகளில் புதைக்கப்பட்ட தோட்டத் தொழிலாளிகளுக்குக் கல்லே இல்லை. மண்ணுக்குள் ஒரு மெட்டி இருக்கலாம், ஒரு மூக்குத்தி இருக்கலாம். அதற்குக் கருவி நன்றாகவே கத்தும்.

மறையூரில் சந்தன மரத்துக்கு எண் போட்டிருக்கிறார்கள், வேலி போட்டிருக்கிறார்கள், இரவில் காவலர் சுற்றி வருகிறார்கள். விலை இருக்கிறது. கல்லறைகளுக்கு அந்தக் காவல் கிடைக்காது, கிடைத்தாலும் போதாது. ஒரு மலை முழுக்கக் காவலரை நிறுத்த முடியாது. ஆகவே கருவி வைத்திருக்கிறவனின் மனத்தைத்தான் நாடவேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் மெட்டல் டிடெக்டர் ஒரு பொழுதுபோக்கு, நிலத்துக்காரரைக் கேட்டுவிட்டு ஆயிரக்கணக்கானோர் செய்கிறார்கள். அங்கேயும் 2015இல் லெம்ஸ்டர் அருகே வைக்கிங் காலத்துப் புதையலைக் கண்டெடுத்த இருவர் யாருக்கும் சொல்லாமல் விற்றார்கள். சுமார் 300 நாணயங்களில் மீட்டது 31. ஆல்ஃபிரட் மன்னரும் பக்கத்து நாட்டு சியோல்வுல்ஃபும் கூட்டாளிகளாக இருந்ததை அந்த நாணயங்கள் காட்டின. மற்றவை என்ன காட்டியிருக்கும் என்பது போயே போயிற்று. 2019இல் நீதிமன்றம் பத்தாண்டும் எட்டரை ஆண்டும் சிறை விதித்தது. சட்டப்படி அறிவித்திருந்தால் பெருந்தொகை அவர்களுக்கே வந்திருக்கும்.

கேட்பது எப்படி என்றால், வழி சிக்கலில்லை. காடு என்றால் வனத்துறை, புறம்போக்கு என்றால் வருவாய்த்துறை, தேவிகுளத்தில் சப் கலெக்டர் அலுவலகம் இருக்கிறது. பழமையின் அடையாளம் தெரிந்தால் தொல்லியல் துறை. பழங்குடி ஊர் என்றால் முதலில் அந்த ஊர்க்கூட்டம். 2010இல் தனி ஊராட்சியான இடமலைக்குடியில் முதுவான்கள் தங்களுக்கென்று மன்றம் வைத்திருக்கிறார்கள், 1877 இனி அங்கே நடக்கக்கூடாது. கருவி கத்தினால் பிடுங்காமல் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுச் சொல்லியனுப்ப வேண்டும். கேட்டால் பெரும்பாலும் மாட்டோம் என்றுதான் சொல்வார்கள். கல்திட்டை இருக்கும் இடத்தில் பொழுதுபோக்குக்கு யாரும் அனுமதி தரமாட்டார்கள், தரவும் கூடாது. மறுப்பைக் கேட்டுத் திரும்பி வரத் தயாராக இல்லாதவன், பல்லி சத்தத்துக்குக் காது வைத்தவனைவிட எந்த வகையில் உயர்ந்தவன்?

இதைப் படித்தும் மனம் ஆறாத இளைஞனுக்கு ஒன்று சொல்வேன். ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடிக்குப் போ. 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர். அறுபத்தாறு உடல்களை எடுத்தார்கள், நான்கு பேர் கிடைக்கவேயில்லை. அந்த மண்ணுக்குள் பித்தளைக் குடம் இருக்கும், கொலுசு இருக்கும், தாலி இருக்கும். உன் கருவி அங்கே விடாமல் கத்தும். அது பொது இடம்தான். உன்னைத் தடுக்க முனி இல்லை, பூதம் இல்லை. கருவியைத் தரையில் வைக்க உன் கை நடுங்குகிறதா இல்லையா?

நடுங்கினால், ஏன் என்று யோசி. அங்கே புதைந்தவர்களுக்கு இன்னும் ஆள் இருக்கிறார்கள். குற்றியார்வேலியில் கட்டிக்கொடுத்த வீடுகளில் தப்பியவர்களின் குடும்பங்கள் இருக்கின்றன, போய் வாசலில் நின்று கேட்கலாம். கோவில்கடவுப் பாறையில் அந்தப் பெரிய மூடுகல்லைத் தூக்கி வைத்தவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.