இருப்பில் ஓர் ஆடு

அந்த ஆடு ஆறாயிரத்துக்கு மேல் போகாது என்றான் ஒரு பையன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ஒத்துக்கொள்ளவில்லை. “கெடா டா அது. ஒம்போது போவும்” என்றான். ஆடு, 16 பக்கக் கதைப் புத்தகம் ஒன்றின் நடுப்பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. ஓவியர் அதன் கழுத்தில் மணி ஒன்றைக் கட்டிவிட்டிருந்தார். மணியோடு சேர்த்து விலையா, மணிக்குத் தனியாகவா என்று கொஞ்ச நேரம் வழக்கு நடந்தது. பிறகு முதல் பையன் புத்தகத்தைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் அடியில் கையை நீட்டினான். மற்றவனும் கையை உள்ளே விட்டான். முகத்தில் ஒன்றும் காட்டாமல், விரலைப் பிடிப்பதும் விடுவதுமாக இருவரும் விலை பேசினார்கள். சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் பேசுகிற பேச்சு. இங்கே துண்டுக்குப் பதில் புத்தகம்.

மூன்றாம் வகுப்பு. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே இருக்கும் கூட்டேரிப்பட்டைத் தாண்டிப் போயிருப்பவர்கள் பல லட்சம் பேர் இருப்பார்கள். இறங்கியவர்களில் பாதிப்பேர் மயிலம் முருகனைப் பார்க்கப் போகிறவர்கள். மீதிப்பேர் சந்தைக்கு. அங்கிருந்து உள்ளே பிரிகிற சாலை ஒன்றில் இந்தப் பள்ளி இருக்கிறது. பள்ளியின் பெயரும் டீச்சரின் பெயரும் இங்கே வேண்டாம். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

அந்த முதல் பையனுக்கு எழுத்துக் கூட்டுவதே இன்னும் சரியாக வரவில்லை. 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் கணக்குப்படி அவன் ‘அரும்பு’. அதற்கு மேல் மொட்டு, அதற்கும் மேல் மலர். அரும்பாக இருப்பவன் ஒரு படத்தைப் பார்த்து எடை போட்டு, வயது கணித்து, விலை சொல்லி, எதிராளியின் விரல் நுனியில் அதை நிலைநாட்டியும் விட்டான். நான் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்த டீச்சர் மெதுவாகக் கேட்டார்: “சார், இத நான் எந்தக் கட்டத்துல எழுதறது?”

அவரிடம் ஒரு படிவம் இருந்தது. செயல்பாட்டின் பெயர், கற்றல் விளைவு, பங்கேற்ற மாணவர் எண்ணிக்கை, புகைப்படம். நூலகச் செயல்பாடு என்றால் என்னென்ன என்பது நம் எல்லாருக்கும் இப்போது மனப்பாடம். கதை சொல்லுதல், முகமூடி செய்தல், விரல் பொம்மை, கதைக்கு வேறொரு முடிவு, பிடித்த பாத்திரத்துக்குக் கடிதம், புத்தகத்துக்குப் புது அட்டை வரைதல். எதிலும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாமே டீச்சர் “இப்போ எல்லாரும்...” என்று சொன்னதும் தொடங்கி, படம் எடுத்ததும் முடிந்துவிடுகின்றன என்பதுதான் சங்கடம். புகைப்படத்தில் குழந்தைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கச் சொல்லியிருப்பார்கள். ஆட்டு விலை பேசியவர்கள் சிரிக்கவேயில்லை. வியாபாரத்தில் யார் சிரிப்பார்கள்?

பள்ளிக்குள் புத்தகம் வந்த கதை நீளமானது. 1986-இன் தேசியக் கல்விக் கொள்கைக்கு மறு ஆண்டே வந்தது கரும்பலகைத் திட்டம். ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், உலக உருண்டை, வரைபடங்கள், விளையாட்டுப் பொருள்கள், புத்தகங்கள். நல்ல திட்டம். பொருள்கள் வந்தன, அவற்றைப் பூட்டிவைக்கப் பெட்டியும் வந்தது. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் உலக உருண்டை பல ஆண்டுகள் பிளாஸ்டிக் உறையோடுதான் சுழன்றது. உறைக்குள் பசிபிக் கடலில் வியர்த்திருக்கும். கழற்றினால் தூசு படியும், தூசு படிந்தால் துடைக்க வேண்டும், துடைத்தால் தாள் உரியும் என்று தலைமை ஆசிரியர் சொன்ன காரணத்தில் பிழை காண முடியவில்லை.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.பி. விஜயகுமார் தொடங்கிவைத்து, சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல் இந்தப் பூட்டைக் கொஞ்சம் அசைத்தது. ஆந்திரத்து ரிஷிவேலியின் அட்டைகளைப் பார்த்துக் கற்றுக்கொண்ட முறை அது. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள், டீச்சரும் உட்கார்ந்தார். கரும்பலகை பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கி வந்தது. அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடத் தலைக்கு மேல் கம்பிப் பந்தல் போட்டார்கள். அதன் கூடவே ‘புத்தகப் பூங்கொத்து’ வந்தது. வகுப்பறைக்குள் கயிறு கட்டி, துணி காயப்போடுவதுபோலக் கதைப் புத்தகங்களைத் தொங்கவிட்டார்கள். எழும்பிக் குதித்து ஒரு புத்தகத்தைப் பறித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மாங்காய் அடிக்கிற அதே முகம். தமிழ்நாட்டுப் பள்ளி நூலக வரலாற்றில் இந்தக் கயிற்றுக்கு ஒரு தனி இடம் உண்டு என்பது என் கட்சி.

பெயர் வைப்பதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. புத்தகப் பூங்கொத்துக்குப் பிறகு 2022-இல் நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு ‘ஊஞ்சல்’ இதழ். 2023-இல் வாசிப்பு இயக்கம். அதன் சிறு நூல்களுக்கு நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள். சொற்கள் அத்தனையும் அழகு, எல்லாம் அசைவைச் சொல்கின்றன. அந்த நூல்களை வைக்கிற பீரோ மட்டும் அசைவதில்லை. கூட்டேரிப்பட்டிலிருந்து அதிக தூரமில்லாத திருவக்கரையில் கல்மரப் பூங்கா இருக்கிறது. அங்கே கல்லாகிக் கிடக்கும் மரங்களுக்கு 2 கோடி வயது என்கிறார்கள். இரும்பு பீரோவுக்குள் அந்த வேலைக்கு அவ்வளவு காலம் பிடிப்பதில்லை.

சட்டத்தில் குறை இல்லை. 2009-இன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் வேண்டும், அதில் செய்தித்தாளும் இதழ்களும் எல்லாப் பாடங்களையும் பற்றிய புத்தகங்களும் கதைப் புத்தகங்களும் இருக்க வேண்டும் என்கிறது. கதைப் புத்தகம் என்று தனியாக எடுத்துச் சொன்ன அந்தக் கைக்கு ஒரு கும்பிடு. சமக்ர சிக்ஷா திட்டத்தில் தொடக்கப் பள்ளி நூலகத்துக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரையறுத்தார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். அந்த இரண்டு பேரும்தான் ஐந்து வகுப்புக்கும் பாடம் எடுக்கிறார்கள், காலை உணவையும் மதிய உணவையும் பார்த்துக்கொள்கிறார்கள், எமிஸ் என்னும் கல்வித் துறைத் தளத்தில் வருகைப் பதிவு ஏற்றுகிறார்கள். நூலகர் யார் என்று கேட்டால், இருவரில் அந்த நேரத்தில் போனில் சிக்னல் தேடாதவர்.

சட்டத்தையும் பணத்தையும் தாண்டி, புத்தகத்தைப் பூட்டிவைப்பது பயம். இருப்புப் பதிவேட்டில் வரிசை எண் போட்டு ஏறிய பொருள், எண்ணும்போது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யார் பணம் கட்டுவது? இந்தக் கேள்விக்கு முன்னால் ஜப்பானியப் பள்ளிச் சிறுமி டோட்டோ-சானும் நிற்க முடியாது, கிஜுபாயும் நிற்க முடியாது. ‘பகல் கனவு’ என்று தமிழில் கிடைக்கும் நூலில் கிஜுபாய் பதேகா படைத்த ஆசிரியர், ஓராண்டுக்கு அனுமதி வாங்கிக்கொண்டு நான்காம் வகுப்புக்குள் நுழைகிறார். முதல் நாட்களில் கதையைத் தவிர வேறொன்றும் நடத்துவதில்லை. பிறகு, எல்லாரும் ஒரே பாடநூலை வாங்குவானேன், அந்தக் காசைச் சேர்த்து வகுப்புக்கு ஒரு நூலகம் வைப்போமே என்கிறார். எனக்கு அந்த ஆசிரியரைவிட அனுமதி கொடுத்த அதிகாரியின் மேல்தான் மரியாதை அதிகம். அவர் கதையில் வருகிறவர் என்பதையும் மறக்கவில்லை.

பயத்துக்கு மருந்து அரசின் விதியிலேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மத்திய அரசு அலுவலகங்களுக்கான பொது நிதி விதிகள், 2017-இல் 215-ஆம் விதி, நூலகங்களைப் பற்றிப் பேசுகிறது. ஓராண்டில் கொடுத்து வாங்கிய, எடுத்துப் பார்த்த புத்தகங்களில் 1,000-க்கு 5 தொலைந்தால் அது நியாயமான இழப்பு. நேர்மைக் குறைவோ கவனக் குறைவோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள புத்தகமும் அரிய புத்தகமும் தொலைந்தால் மட்டும் விசாரணை கட்டாயம். நம் ஒன்றியப் பள்ளியை இந்த விதி கட்டுப்படுத்தாதுதான். ஆனாலும் டெல்லியில் கோப்பு பார்க்கிற ஒருவருக்கே, புத்தகம் என்றால் நாலு கை மாறும், கை மாறினால் ஒன்றிரண்டு போகும் என்று தோன்றியிருக்கிறதே. இந்த விதியின் கணக்கில் இன்னொரு நுட்பமும் உண்டு. இழப்பு, கொடுத்த புத்தகங்களின் எண்ணிக்கையை ஒட்டியது. ஒன்றையும் கொடுக்காத பள்ளிக்கு ஒன்றையும் இழக்கிற பாத்தியதை கிடையாது.

சீர்காழியில் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலக இயலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். புத்தகம் பயன்படுவதற்கே என்பது முதல் விதி. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலி போட்டுப் பிணைத்திருந்ததை அங்கே அவர் நினைவுபடுத்துகிறார். சங்கிலிக்கு ஒரு நன்மை இருந்தது. அது எட்டுகிற தூரம்வரையாவது புத்தகத்தைத் திறக்கலாம்.

நம் பள்ளி இருக்கும் விழுப்புரம் மாவட்டத்திலேயே சாவி இல்லாத ஒரு கல்வியும் நடந்தது. 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில்தான் ‘இல்லம் தேடிக் கல்வி’யை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். கொரோனாவில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் பள்ளி மூடிக் கிடந்த பிறகு, மாலை வேளையில் திண்ணையிலும் கோயில் வாசலிலும் பாய் விரித்துப் பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி பாட்டும் கதையும் விளையாட்டுமாக நடத்தினாள். பீரோ இல்லை, அதனால் பூட்டும் இல்லை. பிள்ளைகள் அவளை ‘அக்கா’ என்றே கூப்பிட்டார்கள். ஒரு பிள்ளை கதைக்கு நடுவில் எழுந்து போய்க் கோழியை அடைத்துவிட்டு வந்து, விட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டது. கதை அதற்காகக் காத்திருந்தது.

நம் டீச்சரின் பள்ளிக்குத் திரும்புகிறேன். அங்கே பார்த்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பயிர்களைப் பற்றிய ஒரு படப் புத்தகத்தில் வேரோடு பிடுங்கிய செடி ஒன்றின் கீழ் ‘நிலக்கடலை’ என்று அச்சாகியிருந்தது. அதன் அடியில், கோணல் எழுத்தில், பென்சிலால் ‘மல்லாட்டை’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். திண்டிவனம், விழுப்புரம் பக்கம் கடலைக்கு அதுதான் பெயர். வீட்டில் நிலக்கடலை என்று சொன்னால் விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். பதிவேட்டு மொழியில் இது புத்தகத்தில் கிறுக்கியது. திண்டிவனத்தில் தாய்த்தமிழ்ப் பள்ளி நடத்திவரும் பேராசிரியர் பிரபா கல்விமணியைப் போன்றவர்கள் தாய்மொழிக் கல்வி என்று ஆண்டுக்கணக்காகப் போராடுவதை ஆங்கிலத்துக்கு எதிரான விஷயமாக மட்டும் நாம் புரிந்துகொள்கிறோம். தமிழுக்குள்ளேயே பிள்ளையின் சொல் ஒன்று, அச்சிட்ட சொல் ஒன்று என்று இரண்டு இருக்கின்றன. அந்தப் பென்சில்காரர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். அகராதி வேலை என்பது வேறென்ன?

டீச்சர் அதை அழிக்கவில்லை. மறுநாள் பார்த்தால் வேறு பக்கங்களிலும் சொற்கள் முளைத்திருந்தனவாம். எழுதத் தெரியாதவர்கள் தெரிந்தவர்களிடம் சொல்லி எழுதவைத்தார்களாம். “யாரு கண்ணு எழுதனது?” என்று கேட்டதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. திட்டுவார் என்று நினைத்திருப்பார்கள். அவரே ஒரு பென்சிலைச் சீவி அந்தப் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். இதையும் அவர் படிவத்தில் எழுதவில்லை. எழுதியிருந்தால் அடுத்த ஆண்டு ‘வட்டாரச் சொல் சேகரிப்பு’ என்று சுற்றறிக்கை வந்திருக்கும். 10 சொல், 5 புகைப்படம், வெள்ளிக்கிழமைக்குள்.

ஆட்டுப் புத்தகத்துக்கு நல்ல கிராக்கி. வியாபாரம் நாள்தோறும் நடந்ததில் நடுப்பக்கம் பின்னோடு கழன்றுவிட்டது. ஒருநாள் பேரம் முற்றி இழுபறியில் ஆடு இரண்டாகக் கிழிந்தது. தலையும் மணியும் ஒருவன் கையில், மீதி இன்னொருவன் கையில். இருவரும் அழுதுகொண்டே டீச்சரிடம் கொண்டுபோனார்கள். அவர் சோற்றுப் பருக்கையை நசுக்கித் தாள் வைத்து ஒட்டிக் கொடுத்தார். ஒட்டிய ஆட்டுக்குக் கழுத்து கொஞ்சம் குட்டையாகிவிட்டது. விலை நாலாயிரத்துக்கு இறங்கிற்று.

ஆண்டு இறுதியில் இருப்புச் சரிபார்க்க ஆள் வருவதாகத் தகவல் வந்தபோது டீச்சர் இரண்டு நாள் யோசித்திருக்கிறார். பதிவேட்டில் சேதம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் இதுவரை யாரும் எழுதியதில்லை. முதல் ஆளாக எழுத அவருக்குத் துணிவில்லை, அதை என்னிடம் மறைக்கவும் இல்லை. விழுப்புரத்தில் ஒரு புத்தகக் கடையில் தேடி, அதே புத்தகத்தின் வேறொரு படியைச் சொந்தக் காசில் வாங்கினார். பழையதில் இருந்த வரிசை எண்ணைப் புதியதில் எழுதி, பள்ளி முத்திரை குத்தி, பீரோவில் வைத்தார். வந்தவர் எண்ணிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. புத்தகங்களை நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டும் போனார்.

புதிய ஆடு இப்போது பீரோவில் இருக்கிறது, கழுத்து சரியான நீளத்தில். சாவி டீச்சரிடம். ஒட்டுப்போட்ட ஆட்டுக்கு இனி எந்த எண்ணும் கிடையாது. ஜன்னலோரம் அதை நடுவில் போட்டுக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கைகள் அட்டைக்கு அடியில் இருந்தன. எவ்வளவுக்கு முடிந்தது என்று நான் கேட்டேன். தரகு யாருடைய ரகசியம் என்பது தெரிந்தவனைப்போல அரும்பு என்னை ஏற இறங்கப் பார்த்தான்.